தையல்காரியின் பற்குழி

பல் பிடுங்கிய நாலாம் நாள், தையல்கடை அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கியபோதே தெரிந்துவிட்டது, தம்பிக்கு இன்றைக்குப் பூசை உண்டென்று. தம்பிதான் பல் டாக்டர். கிளினிக் திறந்து மூன்றே வாரம். காதுக்குள் குடைகிறது, பொட்டில் சம்மட்டி அடிக்கிறது என்று இரண்டு நாளாகத் தெருவுக்கே ஒலிபரப்பியிருந்தாள் அக்கா. "கூடப்பொறந்தவ வாயையே கெடுத்துட்டான், மத்தவங்க வாய் என்னாவும்?" என்று வேறு கேட்டுவைத்தாள். விளைவு, கிளினிக்கில் ஆறு நாற்காலியும் காலி. வலியில் சொன்னதுதான். ஆனால் வலியிலும் அவள் குரல் நாலு வீடு தாண்டும்.

தம்பி விளக்கைத் திருப்பிக் குழியைப் பார்த்தான். முகம் மாறியது.

"ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கணும்க்கா. அதையே காணோம். எலும்பு தெரியுது."

கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். தன் எலும்பு தன்னையே வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

"எதையாவது உறிஞ்சினியா? உறிஞ்சினா உறைஞ்ச ரத்தம் பேத்துக்கிட்டு வந்துடும். ஸ்ட்ரா போட்டுக் குடிச்சியா?"

"நீ சொன்னபடி தம்ளர்லதான்டா குடிச்சேன். மெஷின் மிதிச்சா தாடை அதிரும்னு நாலு நாளா வெறும் கைத்தையல், கொக்கியும் பட்டனும். இதுக்கு மேல என்னடா பத்தியம்?"

மருந்தெடுக்கத் திரும்பியவனின் கோட்டுக் கையில் ஒரு பட்டன் தொங்கியது. உலகமே இடிந்தாலும் தொங்குகிற பட்டனை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"கையைக் காட்டு இங்க."

தோளில் குத்தியிருந்த ஊசியை உருவினாள். பையிலிருந்து நூலை இழுத்து, நுனியை வாயில் வைத்து, கன்னம் குழிய ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் தட்டிலிருந்த குறடு கீழே விழுந்தது.

தம்பி குனிந்து எடுக்கவில்லை.

"அக்கா, இப்ப என்ன பண்ணுன?"

"ஊசி கோக்கப் போனேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

அக்கா நூலைப் பார்த்தாள். இருபது வருஷமாக அந்த வாய் அதைச் செய்வது அவளுக்கே தெரியாது. கொக்கிக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று, நிறம் மாறினால் இன்னொன்று. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள். தம்பி ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவன் குழியில் கிராம்பு எண்ணெய் நனைத்த மருந்துத் துணியை மெல்லத் திணித்து, "கொஞ்ச நேரம் வாயத் திறக்காதக்கா" என்றதோடு சரி.

வாசலில் எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். இடது கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்.

"என்னக்கா சொல்றான் உன் தம்பி? நம்பி உள்ள போலாமா, வேணாமா?"

அக்கா வாயைத் திறந்தாள். கிராம்பு நெடிதான் முதலில் வந்தது. பின்னாலேயே நாலு வீடு தாண்டும் அதே குரல்: "உள்ள போடி, கெடுத்தது அவன் கையில்ல, என் வாய்தான்."