வலப்பக்க இருக்கை

ஒஸ்லோ விமான நிலையத்தில் வாடகைக் கார் கொடுக்கும் மேசையில் இருந்த பெண், என் சர்வதேச ஓட்டுநர் பர்மிட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு ஒரு தேதியின் மேல் விரலை வைத்தாள். அது காலாவதியாகிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. போன வருடம் கிளம்ப நினைத்து ஒத்திப்போட்ட பயணத்துக்காக எடுத்தது. ஒரு வருடம்தான் செல்லும் என்பதை நான் கவனிக்கவில்லை. நாற்பது வருடம் கோவைப் பீளமேட்டில் இரும்பு வார்க்கும் பவுண்டரி நடத்தியவன். தேதி பார்க்காமல் ஒரு கடிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

நார்வே முழுக்கப் பதினான்கு ஊர்களில் தங்குமிடம் பேசி வைத்தாயிற்று. கார் இல்லாமல் ஓர் ஊருக்கும் போக முடியாது. நான் அந்தப் பெண்ணிடம் குரலை உயர்த்தத் தொடங்கியபோது, என் மனைவி பங்காரம்மா கைப்பையைத் திறந்து, பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியிலிருந்து அதே போன்ற ஒரு பர்மிட்டை எடுத்து வைத்தாள். அதில் அவள் படம் இருந்தது.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. அவள் கார் ஓட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இது எப்ப எடுத்தது?"

"போன மாசமுங்க. நம்ம பவன்தான், எதுக்கும் நானும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோணும்னான்."

"பர்மிட்டுக் கெடக்குது. உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஏறி உக்காருங்க, தெரியும்."

ஏறினேன். அந்த நாட்டில் ஸ்டியரிங் இடப்பக்கம். நான் வலப்பக்கம் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். அவள் கண்ணாடிகளைத் திருப்பிச் சரிசெய்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏற்றினாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, நான் ரோட்டப் பாக்கோணும்" என்றாள்.

எனக்கு உண்டான சங்கடம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் மகன் பவனின் மனைவி நவ்யா ஓட்டிய காரில் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்ற என் சித்தப்பா மகன் கண்ணையா, நாற்பது பேர் காதுபட, "ஏனுங்கண்ணா, மருமக ஓட்ட மாமனாரு சவாரிங்களா? வாரமா மாசமா, மருமகளுக்கு எப்படிங்க சம்பளம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த இடத்திலேயே நவ்யாவிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினேன். "இனி நீ ஸ்டியரிங்கத் தொடக்கூடாது கண்ணு. நம்ம ஊட்டுல அதுக்கு டிரைவர் பிரான்சிஸ் இருக்கறாரு" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்ன சொல். அதற்குப் பிறகு அவள் கார் ஓட்டவில்லை.

இப்போது என் சொந்த மனைவி ஓட்ட, நான் வெளிநாட்டில் சவாரி போகிறேன் என்பது கண்ணையாவுக்குத் தெரிந்தால் என் சொல்லுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அறுபத்து நாலு பேர். முதல் நாளே, "அண்ணா, கார் ஓட்டற போட்டோ போடுங்க" என்று கண்ணையா கேட்டுவிட்டான்.

இரண்டு நாள் பதில் போடாமல் சமாளித்தேன். அந்த இரண்டு நாளில் பங்காரம்மா என் பொறுமையைப் பிழிந்து எடுத்தாள். ஒவ்வோர் அருவிக்கும் நிறுத்தினாள். அந்த நாட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் அருவி. வழி சொல்லும் இயந்திரத்துக்கு "சரிங்க, சரிங்க" என்று பதில் சொன்னாள். இருபத்து நாலு கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள், தூக்கம் வராமல் இருக்க என்னைப் பேசச் சொன்னாள்; பேசினால், "அந்தக் கதை வேண்டாங்க, வேற சொல்லுங்க" என்றாள். நடுச்சாலையில் ஓர் ஆட்டுக்கூட்டம் படுத்திருந்தபோது ஹாரன் அடிக்கச் சொன்னேன். "பாவமுங்க" என்று இருபது நிமிடம் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. நம் ஊர்க் கண்ணுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவன்தான் ஓட்டுகிறவன். நான் வலப்பக்கக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, நேரே பார்த்தபடி உட்கார்ந்தேன். பங்காரம்மாவை வெளியே நிற்க வைத்து, டாஷ்போர்டு தெரியாதபடி கைக்கெட்டும் தூரத்திலிருந்து படம் எடுக்கச் சொன்னேன்.

"இது எதுக்குங்க இந்தக் கூத்து?"

"எடுன்னாச் சும்மா எடு."

"நார்வே மலைச்சாலையில்" என்று மட்டும் எழுதிக் குழுவில் போட்டேன். அதில் பொய் ஏதும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கை கூப்பிய படங்கள், சிங்கப் படங்கள். "மாமா, பாத்து ஓட்டுங்க" என்று நவ்யாவும் போட்டிருந்தாள். பங்காரம்மா அதைப் படித்துவிட்டு என்னையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை கண்ணையா எழுதியிருந்தான்: "அண்ணா, எங்க புள்ள ஹாரிகா ஜெர்மனியில இருக்கறா. அங்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம்னு சொல்றா. நார்வேயில மட்டும் உங்களுக்காக மாத்தி வெச்சாங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தபோது அதற்குக் கீழே நவ்யாவின் பதில் வந்து விழுந்தது. "சின்ன மாமா, செல்பி எடுத்தா இடம் வலமா திரும்பித்தான் விழுமுங்க. ஹாரிகாகிட்டயே கேளுங்க." கண்ணையா ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு அடங்கினான்.

நவ்யா வெகுளி, நன்றாக நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகவே இருந்தது.

அன்று பிற்பகல் கெய்ராங்கர் என்ற ஊரை விட்டு மலை ஏறினோம். செங்குத்தான பாதை, பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். கீழே பச்சை நிறத்தில் கடல் மலைக்குள் புகுந்து கிடந்தது. எதிரே சுற்றுலாப் பேருந்துகள். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நீங்க கத்தாம வாங்க. வால்பாறை நாப்பது வளைவு. இது பதினொண்ணு."

"நீ எப்ப வால்பாறைக்கு ஓட்டுனே?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வளைவைத் திருப்பிவிட்டு, பிறகு சொன்னாள். "தையில. மதுக்கரையில பிரண்டு நிலோஃபர் ஊட்டு விசேஷம்னு நவ்யா சொன்னாளே, அன்னிக்கு. நிலோஃபரோட கார்ல போனமுங்க."

"நவ்யாவா ஓட்டக் கத்துக் கொடுத்தா?"

"ஆமாங்க. ஆறு மாசமா, காலையில."

"நான் தொடக்கூடாதுன்னு சொன்னனே!"

"அவ தொடவே இல்லீங்களே. பக்கத்துல உக்காந்து வாயால சொன்னா. மாமா சொன்ன சொல்லு, நான் தொட மாட்டேன் அத்தேன்னுட்டா. வால்பாறையில எனக்குப் பயமாப்போச்சு, நீ கொஞ்ச தூரம் ஓட்டு கண்ணுன்னு கெஞ்சுனேன். அப்பவும் தொடலீங்க. ஒரு மணி நேரம் ரோட்டோரம் நிறுத்தி வெச்சு, தண்ணி குடிக்க வெச்சு, என்னையேதான் ஓட்ட வெச்சா."

"அப்படீன்னா இங்க ஓட்டறது நீதான்னு அவளுக்கு..."

"ஏர்போர்ட்டுலயே போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்."

அறுபத்து நாலு பேர் முன்னால் நவ்யா செல்பி என்று எழுதியது எனக்கு நினைவில் ஓடியது. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே, நான் யார் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தேனோ அவனிடமே, எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண். என் மானத்தை அவள் பொய் சொல்லிக் காப்பாற்றும்படி ஆகிவிட்டது. கண்ணையாவின் சிரிப்பைவிட இது கீழானது.

"நிறுத்து" என்றேன்.

"அருவி ஒண்ணும் இல்லீங்களே?"

"நிறுத்துன்னா நிறுத்து."

ஓரமாக நிறுத்தினாள். நான் குழுவில் எழுதினேன்: 'கண்ணையா சொன்னது சரி. படம் செல்பி அல்ல. பர்மிட் தேதி பார்க்காமல் வந்தது என் தவறு. முதல் நாளிலிருந்து கார் ஓட்டுவது பங்காரம்மா. பழக்கியது நவ்யா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நரசிம்மலு.' அனுப்பிவிட்டு உடனே நவ்யாவை அழைத்தேன். குழுவில் என்ன வருகிறது என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"மாமா, எதுக்குங்க போட்டீங்க? நான்தான் சமாளிச்சுட்டேனே!"

"இனி எனக்காக நீ யாருகிட்டயும் பொய் சொல்லக்கூடாது கண்ணு."

"சரிங்க மாமா." பிறகு கேட்டாள். "அத்த வளைவுல கியர் இறக்கறாங்களா?"

பங்காரம்மா எட்டிக் கத்தினாள். "இது ஆட்டோமேட்டிக்குடி!"

"இன்னும் பத்து நாள்ல கோயமுத்தூர்ல இறங்கறோம்" என்றேன். "ஏர்போர்ட்டுக்கு யாரு வர்றா?"

"பிரான்சிஸ் அண்ணன அனுப்பறனுங்க."

"வேண்டாம். நீ ஓட்டிட்டு வா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "மாமா, சின்ன மாமாவும் அன்னிக்கு, சவாரி முடிச்சு வர்ற அண்ணனுக்குன்னு மாலையோட வர்றேன்னு இப்பத்தான் குழுவுல போட்டிருக்கறாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அது அவள்மேல் இல்லை.

"வரட்டும். திரும்பறப்ப அவனையும் நம்ம கார்லயே ஏத்திக்கோ. நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன். அவன் மாலைய மடியில வெச்சுட்டுப் பின்னாடி வரட்டும்."