மேலே நின்றவரும் பழைய லிஃப்ட்டுகளும்

ஆளை உயரத்துக்குத் தூக்கும் அந்தப் பழைய பூம் லிஃப்ட்டை வாங்கிய அன்று, வீட்டை ஒட்டிய காலி மனையில் நான்கு பேர் இருந்தார்கள். விற்க வந்தவர் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். தரகர், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டிரம்மின் மேல். பெயிண்ட் கான்ட்ராக்டரின் மனைவி, எண்ணெய் சொட்டாத பக்கமாகப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில். கான்ட்ராக்டர் மட்டும் உட்காரவில்லை. நாற்பதடி உயரத்தில், லிஃப்ட்டின் கூடைக்குள் நின்றிருந்தார். கூடை தரைக்கு இறங்கி வந்த பிறகும் அவர் அந்த நாற்பதடி உயரத்திலேயேதான் நின்றிருந்தார்.

பழைய லிஃப்ட் வாங்குகிறவர்கள் கூடையில் பாரம் வைத்து, முழு உயரத்துக்கு ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருப்பார்கள். கூடை தானாகத் தாழ்ந்தால், எண்ணெய் கசியாமல் தாங்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். மணல் மூட்டைதான் வைப்பது வழக்கம். அன்று மூட்டை வந்து சேரவில்லை. "நானே ஒரு மூட்டைதானே" என்று கான்ட்ராக்டர் ஏறிக்கொண்டார். டீ ஆறும் வரை பார்த்தார்கள், மயிரிழைகூடத் தாழவில்லை. தரகர் தொடையைத் தட்டிச் சிரித்தார். லீவரைத் தள்ளியதும் கூடை மட்டும் கீழே வந்தது.

"என்னங்க, விளையாடாதீங்க. இறங்குங்க."

"நான் எங்க விளையாடறேன்? கால் வரமாட்டேங்குது."

தரகர் கூடையில் ஏறிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தார். காங்கிரீட்டில் புதைத்த கம்பியை இழுத்த மாதிரி இருந்ததாம். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று விற்றவர் சொன்னார். அது உண்மைதான்.

முதல் சில மாதம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் இரண்டு வேளை ஏறினாள். கூடையின் விளிம்பில் டப்பாவை வைத்து இருவரும் சாப்பிட்டார்கள். "உப்பு கம்மி" என்பார். "மேல நிக்கறவருக்கு உப்பு ஒண்ணுதான் குறைச்சல்" என்பாள். மழைக்குக் குடை கொடுத்துவிட்டு வந்தாள். எந்தச் சாலையில் நெரிசல் என்று தெருக்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். மின்வாரியம் கம்பியிலிருந்து தள்ளி நிற்கும்படி ஒரு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு கம்பியையே தள்ளிப் போட்டுக்கொண்டது.

அவர் உயர்ந்துகொண்டிருக்கிறார் என்பது, சாப்பாட்டு டப்பாவை அவள் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. மாதம் ஒரு சாண் இருக்கும். அவள் அந்த லிஃப்ட்டை விற்று, அறுபதடிக்கு ஒன்று வாங்கினாள். அதுவும் எட்டாமல் போனபோது எண்பதடி. இப்படி வாங்கியும் விற்றும் வருஷங்கள் போயின. தொழிலில் அவளுக்கு லிஃப்ட்டக்கா என்று பெயர் நிலைத்தது. கான்ட்ராக்டர் பெண்டாட்டி ஆயிற்றே, கூடையைத் தாங்கும் நீண்ட கையான பூமில் எந்த இடத்துப் பெயிண்ட் புதுசு என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவாள். புதுப் பெயிண்ட்டுக்கு அடியில் விரிசலோ, அவசர வெல்டிங்கோ இருக்கும். மூட்டை வராமல் எந்த வண்டியையும் அவள் சோதித்ததில்லை.

தட்டு ஒன்றைக் கழுவிக் கவிழ்ப்பதும், ரேடியோவைச் சத்தமாக வைப்பதும், யாரோ கூப்பிட்டது போலிருந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பதுமாக வீட்டில் அவள் பொழுது போனது. மேலே பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சண்டை ஒன்றுமில்லை. அங்கே காற்று அதிகம்.

நூற்று முப்பத்தைந்தடி லிஃப்ட்டின் கூடையில், கடைசியாக அவள் நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். அவர் குதிகால் ஒரு விரற்கடைக்கு மேலே இருந்தது. டப்பாவை அவரே குனிந்து வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் குனிந்தும் எட்டவில்லை.

தரகர் விசாரித்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, துறைமுகத்துல ஒண்ணு நிக்குது. நூத்தி எண்பத்தஞ்சடி. இதுக்கு மேல உலகத்துல கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா வீடு, மனை ரெண்டையும் குடுத்தாத்தான் கட்டும்."

"எத்தனை வருஷத்துக்கு வரும்ணே?"

"வண்டியா? நல்லா உழைக்கும்."

"வண்டியைக் கேக்கலை."

தரகர் அண்ணாந்து பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போட்டார். எழுந்து செருப்பைத் தேடினார்.

அவள் லிஃப்ட்டை உச்சிக்கு ஏற்றி, வாங்கட்டுமா என்று கத்திக் கேட்டாள். அவர் காதருகே கையைக் குவித்தார். பிறகு தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, கேட்கவில்லை என்றா, தெரியவில்லை. இறங்கி வந்து விளக்கைப் போட்டு, காகிதத்தை எடுத்து, தேதி போட்டு எழுதினாள்.

"என்னங்க, நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன். துறைமுகத்து வண்டியை வாங்கவில்லை. வாங்கினால் ஐந்தாறு வருஷம் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பேன். அதற்குப் பிறகு நீங்கள் கீழே பார்த்தால் உங்களுக்குக் கீழே யார் வீடோ இருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன், தூரத்திலிருந்தும் தெரியும். விளக்கை அணைக்க மாட்டேன். உப்பு சரியாகத்தான் போடுகிறேன் இப்போது. சொல்ல ஆளில்லை."

மறுநாள் தபாலாபீசில் குமாஸ்தா உறையை எடை போட்டார். முகவரியை ஒரு முறை படித்தார்.

"மேலயாம்மா? இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டுங்க. வாய் ஒட்டலை பாருங்க, காத்துல பிரிஞ்சிடும்."

அவள் பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திக் கொடுத்தாள். குமாஸ்தா முத்திரை குத்தி, மேலே போகும் தபாலுக்கென்று சன்னலோரம் தனியாக மாட்டியிருந்த பையில் அதைப் போட்டார். பையில் ஏற்கெனவே வேறு பலர் எழுதிய கடிதங்கள் முக்கால்வாசி நிறைந்திருந்தன.