அப்பாவின் படிவத்தில் ஒரு பெயர்

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் இங்க்ரிட் என்ற பெண் கல்யாணமான கையோடு தன் காலில் நின்ற கதையைச் சொல்கிறேன்.

டிசம்பர் இருபத்தொன்பதில் அவளுக்கும் ரோவனுக்கும் கல்யாணம். பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து, முடிந்த வருஷத்துக்கான தங்கள் முதல் வருமான வரிப் படிவத்தைக் கணினியில் அனுப்பினார்கள். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. இங்க்ரிட்டை வேறொருவர் ஏற்கெனவே தம் படிவத்தில் தம் செலவில் வாழ்பவளாகக் காட்டியிருக்கிறாராம்; இரண்டும் சேர்ந்து செல்லாதாம்.

வேறு யார்? அப்பா ஆர்லன்தான். அம்மா இறந்த பிறகு அவர் படிவத்தில் அவருக்குத் துணையாக இருந்தது மகள் பெயர் ஒன்றே. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

"தாள்ல எழுதித் தபால்ல போட்டுடலாம். வரி ஆபீஸ்காரங்களே உங்கப்பாவுக்குக் கடுதாசி போட்டுப்பாங்க," என்றான் ரோவன்.

"எங்கப்பாவுக்கு இது கடுதாசியில தெரிய வேண்டாம். அவர் கையாலயே என் பேரை எடுக்கணும். நான் போய்ச் சொல்றேன்."

அவள் போனபோது அப்பா வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு மூணு நாள் பொண்டாட்டியா இருந்துட்டு வருஷம் பூரா பொண்டாட்டிங்கறியா?" என்றார். "மிச்ச நாளெல்லாம் என் வீட்டுச் சோறுதானே தின்னே?"

"ரெண்டு ஆள் சோறு தின்னேன்ப்பா. இல்லேங்கலை. ஆனா வருஷத்தோட கடைசி நாள் யாருக்குக் கல்யாணம் ஆயிருக்கோ, வருஷம் பூரா ஆனதாத்தான் சட்டம் பார்க்குது. நாங்க சேர்ந்து படிவம் போடறோம். பேக்கரியில மாவு பிசையறேன், அவர் ஒயரிங் பண்றார். எங்களுக்குப் போதும்."

ஆர்லன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "உன் பேரை எடுத்துட்டா அதுல நான் மட்டுந்தான் இருப்பேன்."

இங்க்ரிட்டும் தன் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களை நம்பிப் பிழைக்கறவங்க யாருன்னுதான்ப்பா அதுல கேக்கறாங்க. மகள் யாருன்னு கேக்கலை."

அவர் பனியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்கம்மா மாதிரியே பேசறே," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். திருத்தப் படிவத்தில் அவள் பெயரைத் தாமே எடுத்தார். அவள் அவர் நாற்காலிக் கைமீது உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவேல்ல?" என்றார் திரும்பாமலே.

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. என் சமையல்."

"உயிரோட திரும்புவேனா?"

"ரொட்டி நல்லாயிருக்கும். மத்ததுக்கு நான் பொறுப்பில்லை."

ஞாயிறன்று அந்த ஒற்றை அறை வீட்டில் அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நாளை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தலை நிமிர்ந்து தனிக்குடித்தனம் போகட்டும். போன வீட்டு மேசையில் உங்களுக்கும் ஒரு தட்டு எப்போதும் இருக்கட்டும்.