சூரியக் காற்றுக்கு ஒரு கேக்

மனைவி கஜந்தியின் வேலை விளங்குகிறதோ இல்லையோ, அதைக் கேக்காகச் சுட்டுவிடுவது மதுசனின் வழக்கம். உட்துறைமுக வீதியில் பேக்கரி வைத்திருப்பவனுக்கு வேறு எப்படிப் பெருமைப்படத் தெரியும்?

இந்த முறை அவன் செய்தது கஜந்தியின் வானப்படம். கோள்களுக்கிடையே மிதக்கும் ஐதரசன் வாயு சூரிய ஒளி பட்டு மங்கலாக மினுங்கும். சூரியக் காற்று பலமாக வீசும் பக்கத்தில் ஐதரசன் குறைந்து, மினுக்கமும் குறையும். செய்மதி அனுப்பும் அந்தப் படங்களைக் கொண்டு காற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணிப்பது அவள் வேலை. படத்தின் நடுவே ஓடும் இருண்ட பட்டியில் ஒரு வெளிச்சத் திட்டைக் கண்டு, அங்கே காற்றுத் தளர்ந்துவிட்டது என்று குழுத் தலைவி நிவேதிகாவுக்கு அறிவித்தும் விட்டாள். அது அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. மாலை இணையக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

மதுசன் சொக்லேட்டில் பட்டி போட்டு, அதன்மேல் வெள்ளை ஐசிங்கால் திட்டு வைத்து, பக்கத்து வீட்டு றஹ்மாவையும் கூப்பிட்டிருந்தான்.

கூட்டத்துக்கு முன், பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று மற்ற நாட்களின் படங்களையும் கஜந்தி வரிசையாக அடுக்கினாள். திட்டு ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. காற்றுத் தளர்ந்த இடம் இப்படி உலாப் போகாது. உலாப் போவது வால்வெள்ளி. அதைச் சுற்றிய ஐதரசனும் மினுங்கும். தேடிப் பார்த்தால், அதையும் வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

"சொல்லாம விட்டா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் மதுசன், கேக்கைப் பார்த்தபடி.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கச் சொல்லுறீங்களா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி படங்களில் குனிந்தாள். வால்வெள்ளி நகர்ந்ததில் ஒரு நன்மை இருந்தது. அது மறைத்திருந்த இடம் மற்ற நாட்களின் படங்களில் திறந்து கிடந்தது. அங்கே முன்பைவிட நல்ல இருட்டு. காற்றுத் தளரவில்லை, பலத்திருந்தது.

கூட்டத்தில் முதல் வார்த்தையாக, "நான் சொன்னது பிழை" என்றாள். பிறகு படங்களைக் காட்டினாள். நிவேதிகா ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள்.

"தன்ர பிழையைத் தானே பிடிக்கிற ஆளின்ர கணக்கை நான் நம்புவன். கட்டுரையை நீங்களே எழுதுங்கோ," என்றாள் நிவேதிகா. "அது சரி, பின்னால இருக்கிற கேக்கில இன்னும் பழைய முடிவுதானே கிடக்குது?"

கஜந்தி கரண்டியை எடுத்து, வெள்ளைத் திட்டை முழுசாக வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அடியில் சொக்லேட் பட்டி இடைவெளியில்லாமல் ஓடியது.

"இனிமேல் கூட்டம் முடிஞ்ச பிறகுதான் ஐசிங்," என்றான் மதுசன். றஹ்மா தட்டை நீட்டினாள்.