நீள ஊதல்

அக்காவின் நீள ஊதல் முதல் தடவையாகப் பாதியில் அறுந்து இருபத்தோரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இளையவள் மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் அதை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டாள். அறுந்தது காலை பத்து மணிக்கு. இப்போது மாலை நாலு.

"எத்தனை தடவைடி அதையே பார்ப்பே? பரீட்சையா எழுதப் போறே?" என்றாள் அக்கா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

அந்த இரண்டையும் இளையவள் எழுதிக்கொண்டாள்.

அவர்களுடையது ஊதுகருவிகளைப் பழுது பார்க்கும் கடை. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், ட்ரம்பெட். பள்ளிக்கூட பேண்டுகளும் போலீஸ் பேண்டும் அங்கேதான் கொண்டுவந்து கொட்டும். அக்கா கடை வைத்துப் பதினாலு வருஷம். இளையவள் வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு வந்து, மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷமாக மெத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். கருவியில் விரல் வைத்து அழுத்தும் சாவிகளுக்கு அடியில், ஓட்டைகளை மூடுவதற்காக வட்டமாகச் சின்னச் சின்ன மெத்தைகள் இருக்கும். அதில் ஒன்று கோணலாக உட்கார்ந்தாலும் காற்று கசியும்.

கசிகிறதா இல்லையா என்று பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். எந்தக் கருவியானாலும் வெளியே போகும் முன் அதை வாயில் வைத்து, ஒரே ஒரு சுரத்தை மூச்சு தீரும் வரை ஊதுவாள். கிளாரினெட் என்றால் முப்பத்தோரு நொடி. அதற்குக் கீழே வந்தால் கருவியில் கோளாறு. பிரி, மறுபடி ஒட்டு. பதினாலு வருஷத்தில் அந்த அளவுகோல் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. போலீஸ் பேண்டின் கிளாரினெட் ஒன்று பதினேழு நொடியில் நின்றது. அக்கா அதை முறைத்தாள்.

"எங்கேயோ கசியுது, விஞ்ஞானி. பாரு."

இளையவள் குழாய்க்குள் மெல்லிய விளக்கை விட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தாள். ஊசி முனை வெளிச்சம்கூட வெளியே வரவில்லை.

"கசியலக்கா."

"எனக்குத் தெரியாதா? பிரி."

பிரித்தார்கள். ஒட்டினார்கள். பதினாறு நொடி. மறுபடி பிரித்தார்கள். மூன்றாம் தடவை ஒட்டி முடித்தபோது பேண்டு மாஸ்டரே வந்து நின்றார். பானை வயிறும் பெரிய மீசையுமாக இருப்பவர். அக்கா கையிலிருந்து கிளாரினெட்டை வாங்கி, நின்ற வாக்கில் ஊதினார். இளையவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்து நாலு.

"கருவி தங்கமா இருக்கும்மா. ஊதற ஆள்லதான் எங்கேயோ ஓட்டை போல" என்றார் மாஸ்டர்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை முடிக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரின் முகம் மாறியது. அப்போதுதான் இளையவளுக்கு உறைத்தது. நாலு நாளாக அவர்கள் பிரித்துக்கொண்டிருந்தது தப்பான பொருளை.

மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சுப் படம் சுத்தம். இதயத் துடிப்பு சுத்தம். ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடறதில்ல டாக்டர்."

"முன்னாடி எப்பவாவது இழுப்பு?"

"ஸ்கூல் படிக்கறப்போ இருந்தது. அது ஆச்சு முப்பது வருஷம்."

"அதுதான் திரும்பி வந்திருக்கு போல. ஆனா ஏன் இப்ப வந்ததுன்னு எனக்குப் பிடிபடல" என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே இளையவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. வாயில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து கொடுத்தார். "எதுல கூடுது, எதுல குறையுதுன்னு எழுதிட்டு வாங்க."

அடித்துக்கொண்டால் கொஞ்சம் இளகியது. போகவில்லை.

இதற்கு நடுவே இளையவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டாவது முயற்சியில் கிடைத்த இடம். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போக வேண்டிய ஊர். பயணச்சீட்டை அக்காவே எடுத்து வந்து கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைத்திருந்தாள்.

"காரணம் தெரியாம நான் ரயில் ஏற மாட்டேன்."

"ஏறாம? நானே தூக்கி உள்ளே போடுவேன்."

"அதுக்கு மூச்சு வேணும்க்கா."

அக்கா ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். அது இடது கைப் பக்கமே கிடந்தது. இளையவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

கசிவு கண்டுபிடிக்க மேஜையில் ஒரு முறை உண்டு. எல்லா ஓட்டைகளையும் மூடிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது. இளையவள் அக்காவையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தாள். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஆறு. மாஸ்டரின் கிளாரினெட்டை வைத்துக்கொண்டே மூன்று வேளையும் ஊதச் சொன்னாள். ("அந்த மனுஷன் இதைத் திருடிட்டோம்னு கேஸ் போடப் போறார்" என்றாள் அக்கா.) மூன்று நாள் ஈயப் பற்று வைக்கும் வேலையை நிறுத்தினாள். எண் அசையவில்லை. பசையை மாற்றினாள். அசையவில்லை. பித்தளைத் தூசிக்கு முகமூடி கட்டச் சொன்னாள். அக்கா கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். எண் அசையவில்லை. தலையணையை வெயிலில் போட்டாள், பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினாள். பூனை கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் தெரிந்தது. காலை ஒன்பதுக்குத்தான் ரொம்ப மோசம். மதியம் கொஞ்சம் தேவலை. மாலை ஆறுக்கு இன்னும் தேவலை. மறுநாள் காலை பழைய குருடி. வேலை செய்து களைத்தால் மூச்சு குறையத்தானே வேண்டும்? இங்கே தூங்கி எழுந்தவளுக்குக் குறைந்தது, உழைத்தவளுக்குக் கூடியது. இளையவள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பயத்தையும் மீறி அவளுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு ஆறு ட்ரம்பெட் கொடுக்கப் போன அக்கா, இசை அறையில் கைப்பையை மறந்துவிட்டு வந்தாள். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் பூட்டு. போனும் சாவியும் சட்டைப் பையில் இருந்தன. பணம் கடையில் இருந்தது. ஆனாலும் அக்கா காவல்காரருக்கு நாலு தடவை போன் போட்டாள்.

"ஒரு சீப்புக்கும் குடைக்குமா இவ்வளவு பாடு?" என்றாள் இளையவள்.

"என் பை, என் பாடு."

சனிக்கிழமை மாலை இருபத்திரண்டு நொடி. ஞாயிறு இருபத்தேழு. திங்கள் காலை, எப்போதும் மோசமான அந்த ஒன்பது மணிக்கு, முப்பது. அக்காவே கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து ஆச்சரியமாகப் பார்த்தாள். இளையவள் எண்ணைச் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டாள். பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது.

திங்கள் மதியம் பை வந்து சேர்ந்தது.

செவ்வாய் காலை பதினாறு.

இளையவள் நோட்டுப் புத்தகத்தில் 'பை' என்று எழுதி வட்டம் போட்டாள். அடுத்தவர் பைக்குள் கை விடுவது அந்த வீட்டில் திருட்டுக்குச் சமம். அக்காவும் அவளும் மட்டுமே இருக்கும் வீடு என்பதால் அந்தச் சட்டத்துக்கு இன்னும் மதிப்பு அதிகம். அதனால் கேட்டுப் பார்த்தாள்.

"பையில என்னக்கா வெச்சிருக்கே?"

"பாம்பு."

"சென்ட்? பவுடர்? கைக்குத் தடவற களிம்பு?"

"போய் மெத்தை ஒட்டுடி."

அக்கா சிரிக்காமல் சொன்னாள். கோபமாகவும் சொல்லவில்லை. பையை எடுத்து மேஜையின் வலது பக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு முன்னால், வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி அந்த மேஜையையே திருப்பிப் போட்டிருந்தாள். வாசல் இப்போது அவளுக்கு வலது பக்கம் வந்தது. வெளிச்சம் என்னவோ முன்னைவிடக் குறைவாகத்தான் விழுந்தது. அதற்கும் இளையவள் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்; மூச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு அடித்துவிட்டாள்.

இதோ, டாக்டர் அறைக் கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு தடவை, "பூனையையுமா?" என்றார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"பை. இது என்னது?"

கூச்சத்தில் இளையவளுக்கு வெளியே மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிருந்தது. "பை இல்லாத ரெண்டரை நாள்... அக்கா நல்லா ஊதினா. வந்ததும்... போயிடுச்சு. உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல."

டாக்டரம்மா நோட்டை மூடி வைத்தார். அக்காவைப் பார்த்தார்.

"போன தடவை நான் மாத்திரைன்னு கேட்டுட்டேன். அது என் தப்பு. மாத்திரை மட்டும் மருந்து இல்லம்மா. தோல்ல ஒட்டறது, மூக்குல அடிச்சுக்கறது, காதுல கண்ணுல விடறது, எல்லாமே உடம்புக்குள்ள போகும். கண்ணுல விட்ட சொட்டு அப்படியே மூக்குல இறங்கி ரத்தத்துல கலக்கும். அதுல சில மருந்து, முன்னாடி இழுப்பு இருந்தவங்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிடும். இந்தச் சின்னப் பொண்ணு எழுதியிருக்கறது அந்த மாதிரிதான் தெரியுது. என்ன மருந்துன்னு தெரிஞ்சா வேற மாத்திக் கொடுக்கச் சொல்லலாம். நீங்களா நிறுத்தவும் கூடாது. ஆனா அதை எழுதிக் கொடுத்தவருக்கு உங்க இழுப்பு தெரியாது. எனக்கு அந்த மருந்து தெரியாது."



அக்கா பையை மடியில் வைத்து அதன் ஜிப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தாள். பிறகு உள்ளே கை விட்டு, கட்டைவிரல் அளவு வெள்ளைப் புட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா அதை எடுத்து லேபிளைப் படித்தார். இதேதான் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார்.

இளையவள் புட்டியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தங்கையைத் தேடி, அக்கா கண்ணை மட்டும் திருப்பவில்லை. கழுத்தோடு, தோளோடு, மொத்த உடம்பையும் திருப்பினாள்.

"இருபத்து மூணு நாளா கண்ணுல விடறேன். காலையில ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு. சொன்னா நீ ரயில் ஏற மாட்டேன்னுதான் சொல்லல." ஒரு மூச்சு வாங்கினாள். "இடது ஓரம் எனக்குத் தெரியறதில்லடி. இப்ப நீ உட்கார்ந்திருக்கியே, அந்த இடம்."