வீட்டில் மாமா, திடலில் சார்

விமானப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தவர் அவனுடைய அக்கா புருஷன். சேர்த்துவிட்ட அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "வீட்டுல மாமா, இங்க சார். மாத்திக் கூப்பிட்டே, தொலைச்சிடுவேன்." அவனும் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று காலை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அடுத்த நாள் தனியாகப் பறக்க விடுவார்கள். அந்த நினைப்பில் விமானத்தை ஓட்டும் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"என்ன, அறுத்துக்கிட்டு ஓடுற மாட்டைப் பிடிக்கிற மாதிரி? விரல் போதும்பா," என்றார் அவர்.

"சரி சார்."

என்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று பழக்குவதற்கு மற்ற பயிற்சியாளர்கள் வேகத்தைக் குறைத்து, நின்றதாகப் பாவனை செய்வார்கள். இவர் இருக்கைகளுக்கு நடுவிலிருக்கும் பெட்ரோல் வால்வையே மூடிவிடுவார். "பாவனையில பயம் தெளியாது," என்பார். பள்ளியில் அதற்குத் தடை உண்டு. ஒருமுறை எச்சரிக்கையும் வாங்கியிருந்தார். இன்னொரு முறை மாட்டினால் வேலை போய்விடும்.

அன்றும் மூடினார். என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. அவன் பதறாமல் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினான். கீழே ஒரு வயலைக் காட்டி, "அங்க இறக்கலாம் சார்," என்றான்.

"பரவாயில்லையே!" சிரித்துக்கொண்டே வால்வைத் திறந்தார். என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் முயன்றார். தரை வேகமாக மேலே வந்தது. அவர் முகம் வெளுத்து, கைகள் மடியில் விழுந்தன.

"மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கத்தினான்.

வயலில் ஒரு பெண் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் படாமல் விமானத்தைத் திருப்பினான். ஒரு சக்கரம் வரப்பில் மோதி முறிந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இருவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என் மேல விடாம திருப்பினீங்களே! ஓட்டினது யாருய்யா?"

"நான்தாம்மா," என்றார் பயிற்சியாளர்.

"கடவுள் உங்களை நல்லா வச்சிருக்கணும்," என்று கும்பிட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீயும் குடி தம்பி." அவன் குடித்து முடிக்கும்வரை குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றாள்.

மதியம் பள்ளித் தலைவரின் அறையில் விசாரணை. வால்வை மூடியது யார் என்று கேட்டார் தலைவர்.

"பையன் பதட்டத்துல திருப்பிட்டான் சார்," என்றார் மாமா, அவன் முகத்தைப் பாராமல்.

"நீயா?"

அவன் மாமாவைப் பார்த்தான். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. மாசமாயிருந்தாள்.

"ஆமா சார்."

"இனி விமானத்துப் பக்கமே வராதே," என்றார் தலைவர்.

நடைவழியில் மாமா அவன் தோளில் கை போட்டார். "அக்காவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். உனக்கு வேற நல்ல இடமாப் பார்த்துடறேன்." அந்தக் கை பாரமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா ஓயவில்லை.

"உன்னைச் சேர்க்க இவர் யார் யார்கிட்டயோ கெஞ்சினார். நீ இவர் உசுருக்கே உலை வச்சிட்டியேடா! இவர் இறக்கலேன்னா என் கதி என்ன?"

"விடும்மா. சின்னப் பையன், பயந்துட்டான். சாப்பிடுறப்ப திட்டாத," என்றார் மாமா. தாமே எழுந்து அவன் தட்டில் குழம்பு ஊற்றினார். பிறர் சோற்றில் ஊற்றும் கை நல்ல கையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் சிறுவயதிலிருந்து நம்பி வந்தவன். காலையில் குடம் சாய்த்த கையை நினைத்துக்கொண்டான். வாழ்த்து தப்பான ஆளுக்குப் போய்விட்டது. தண்ணீர் மட்டும் அவனுக்குத்தான் வந்தது. அதற்காக மனதுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னான்.

கரண்டி மறுபடியும் அருகில் வந்தது.

"போதும் சார்," என்றான்.

கரண்டி அப்படியே நின்றது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அவன் ஏங்க உங்களை வீட்டுல சார்ங்கிறான்?"

குழம்பு சொட்டுச் சொட்டாக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது.