இரண்டு விநாடிக் குழாய்

நோலீனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. புல் வெட்டுகிற சின்ன வண்டிகளில் ஏறி ஓட்டும் பந்தயத்தின் இறுதி ஓட்டம் மூன்று மணிக்கு. ஜெயிக்கிற ஒருவருக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, வருகிற மார்ச்சில் தோள்பட்டை ஆபரேஷன். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

அவள் புருஷன் மெர்வ் சும்மா இருந்தானா? எஞ்சினுக்குக் காற்று போகிற பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, தபாலில் வரவழைத்த வளைந்த குழாயை மாட்டினான். அதன் வாயில் மூடியே இல்லாத ஒரு பஞ்சு வடிகட்டி. ஒன்பது மணிக்குப் பெட்டியோடு ஓட்டியபோது ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு விநாடி, பத்து மணிக்குக் குழாயோடு ஓட்டியபோது நாற்பது. மைதானம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தான் மனுஷன்.

மத்தியானம் ரொட்டியில் சுருட்டிய சாஸேஜை நின்றுகொண்டே கடித்தவள், தடத்தோரம் ஈரத்தில் பதிந்து கிடந்த லாரிச் சக்கரச் சுவட்டைப் பார்த்தாள். மீதியை அங்கேயே போட்டாள். வண்டியிடம் ஓடினாள்.

"மெர்வ், கழட்டு அதை!"

"பைத்தியமா உனக்கு? ரெண்டு செகண்டு மிச்சம்!"

"அந்த ரெண்டு செகண்டும் தண்ணி லாரி குடுத்தது. பெட்டியோட ஓட்டினப்ப ஒரே புழுதி, சக்கரம் வழுக்கிச்சு. அப்புறம்தான் லாரி வந்து தெளிச்சுது. ஈரமண்ணுல எதை மாட்டினாலும் வேகமாத்தான் போகும்."

"சத்தத்தைக் கேட்டேல்ல? என்னமா உறுமுது!"

"உறுமினா ஆச்சா? மூணு மணிக்கு மண்ணு காஞ்சிடும். அந்தப் பஞ்சு புழுதியைத்தான் குடிக்கும்."

மெர்வ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தான். பெட்டி திரும்ப ஏறி, குழாய் புல்லில் கிடந்த நேரத்தில் க்ளெனிஸ் வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரி, இருபது வருஷச் சிநேகிதி, இன்றைக்கு அவளை முந்தக்கூடியவர்களில் ஒருத்தி.

"உங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்களேன். ரெண்டு செகண்டாமே!"

உதிரிச் சாமான் கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் இந்த கிளப்பில் கிடையாது. எதிராளியே ஆனாலும் தங்கள் வண்டியின் பெல்ட்டையே கழற்றிக் கொடுப்பார்கள். மெர்வ் பெண்டாட்டியைப் பார்த்தான். புழுதிக்கு அது ஆகாது என்று நோலீன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பாழாய்ப்போன மாநிலப் போட்டி அதை அங்கேயே நிறுத்திவிட்டது.

"எடுத்துக்கோடி" என்றாள் நோலீன்.

அதற்குப் பிறகு அவளால் ஒரு நிமிஷம் நிற்க முடிந்ததா! ஹெல்மெட்டை மாட்டினாள், கழற்றினாள். க்ளெனிஸின் வண்டிவரை இரண்டு தடவை நடந்து, இரண்டு தடவையும் பாதியில் திரும்பினாள். அதற்குள் கொடியை அசைத்துவிட்டார்கள்.

மொத்தம் பத்துச் சுற்று. காய்ந்த மண் சிவப்பாகக் கிளம்பியது. முதல் சுற்றிலிருந்தே க்ளெனிஸ் இரண்டாவது, நோலீன் மூன்றாவது; முன்னால் போன வண்டியின் புழுதியெல்லாம் க்ளெனிஸின் எஞ்சினுக்குள். எட்டாவது சுற்றில் அந்த உறுமல் இருமலானது. கடைசிச் சுற்றில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. நோலீன் அவளைத் தாண்டினாள், கடைசி வளைவில் முன்னால் போன வண்டியையும் தாண்டினாள். ஜெயித்துவிட்டாள், ஆனால் கையை உயர்த்தத் தோன்றவில்லை.

க்ளெனிஸ் குழாயைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். முகமெல்லாம் மண், சிரித்த பல் மட்டும் வெள்ளை.

"மன்னிச்சுக்கடி. உன் புதுச் சாமானைப் பாழாக்கிட்டேன், வேற வாங்கித் தர்றேன். நல்லதை எனக்குக் குடுத்துட்டு நீ பழசுல ஓட்டினே பாரு, வேற யாரு செய்வா?"

மைக்கில் நோலீனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"அது நல்லது இல்ல க்ளெனிஸ். மத்தியானமே எனக்குத் தெரியும்."

க்ளெனிஸின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. குழாயைப் புல்லில் மெதுவாக வைத்தாள். மைக்கில் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள்.

"போ, உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றாள் அவள்.